லூபென் அடக்கிய எச்சரிக்கை

சாப்பிட அழைத்த வீட்டில் குழாய் சொட்டினால் லூபெனால் சாப்பிட முடியாது. சூப் ஆறினாலும் பரவாயில்லை என்று எழுந்துபோய், சமையலறை அலமாரிக்குக் கீழே தலையை நுழைத்து, அதை இறுக்கிவிட்டுத்தான் வந்து உட்காருவான். கதவு கிறீச்சிட்டாலும், மேசைக்கால் ஆடினாலும் இதே கதைதான். "இவரை விருந்துக்குக் கூப்பிடாதீங்க, ரிப்பேருக்குக் கூப்பிடுங்க" என்று அவன் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். லூபெனுக்கு அதில் ஒரு பெருமைதான்.

யாம்போல் ஊரின் நூற்பாலை மூடப்பட்டபோது அதன் கணினிப் பிரிவில் அவன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து நேராக ஊருக்கு வெளியே இருந்த காய்கறி ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தான். மிளகாய், தக்காளி, கத்தரி என்று வயல் வயலாகச் சோதனைகள் நடக்கும் இடம் அது. விதைகளைக் குளிரில் வைக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதில் நிலையத்தின் ஒரே பெரிய சர்வர். அதைக் கட்டி மேய்க்க ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தான். அவன் பெயர் ஷிவ்கோ.

ஷிவ்கோ எல்லாவற்றிலும் லூபெனுக்கு நேர்மாறு. கெட்டிக்காரன், ஆனால் கையில் எடுத்த வேலையைப் பாதியில் வைத்துவிட்டு அடுத்ததற்குத் தாவுவான். திருகாணிகளைக் காப்பிக் கோப்பையில் போட்டு வைப்பான், பிறகு அதே கோப்பையைக் கழுவாமல் காப்பி குடிப்பான். சர்வர் வெளியே தள்ளும் சூடான காற்றில் அவனுடைய காலுறைகள் காய்ந்துகொண்டிருக்கும்.

"டேய், இது ஆராய்ச்சி நிலையமா, சலவைக்கடையா?" என்று லூபென் கத்துவான்.

"வெந்நீருக்கு வழியில்ல, வெங்காத்தாவது வீணாகாம இருக்கட்டுமேடா" என்பான் ஷிவ்கோ.

இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே இருவரும் ரொம்ப நெருங்கிப்போனார்கள். மதியம் ஒரே பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டார்கள். ஷிவ்கோவின் விவாகரத்து நடந்த குளிர்காலத்தில் பல வாரங்கள் லூபென் வீட்டுச் சோபாதான் அவனுக்குப் படுக்கை.

இருவரும் பிரிந்தது ஒரு கோடையில். நிலையத்தில் விவசாயிகள் கூடும் வாரத்தில் சர்வர் படுத்துக்கொண்டது. உள்ளே ஒரு மின்விசிறி நின்றுபோய்ச் சூடு ஏறியிருந்தது. புது விசிறியும், காப்புப் பிரதிக்கு இன்னொரு பெட்டியும் வேண்டும் என்று ஷிவ்கோ கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தான். ஆனால் இயக்குநர் போஷானோவுக்கு அது நினைவில் இல்லை, அல்லது நினைவுபடுத்திக்கொள்ள விருப்பமில்லை. அவர் லூபெனைத் தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உள்ளதைச் சொல்லுப்பா. யார் கவனக்குறைவு இது?"

லூபென் விசிறியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவும் செய்தான். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. பல வருஷமாக மனதில் குறுகுறுத்துக்கொண்டிருந்தது அந்த இடத்தில் வெளியே வந்துவிட்டது. "ஷிவ்கோ நல்ல மூளைக்காரன் சார். ஆனா எதையும் முடிக்கமாட்டான். எல்லாம் பாதியிலதான் கிடக்கும்."

மறுநாள் எல்லோரும் கூடியிருந்தபோது போஷானோவ் இதே வார்த்தைகளை எடுத்து ஷிவ்கோவின் முகத்தில் வீசினார். "எதையும் முடிக்காத ஆளுன்னு உன் கூட்டாளியே சொல்றான்." ஷிவ்கோ இயக்குநரைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி லூபெனைத்தான் பார்த்தான். பிறகு சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தான்.

கதவருகில் நின்று, "இதை முதல்ல என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா" என்றான். அவ்வளவுதான். எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்கவில்லை. புர்காஸ் துறைமுகத்தில் வேலைக்குப் போய்விட்டதாக அப்புறம் கேள்விப்பட்டார்கள்.

அவன் போன சில நாளில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. சர்வர் தானாக எழுந்தது. லூபென் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தான். வரிகள் ஓடின. நடுவில் ஓர் எச்சரிக்கை: டிஸ்க்குகளின் தொகுப்பில் ஒன்றைக் காணவில்லை. அடுத்தது: 'ஸ்தாரோ' என்ற பகுதியைத் திறக்க முடியவில்லை. பிறகு, ஒன்றும் நடக்காததுபோல, மற்ற எல்லாம் வழக்கம்போல எழுந்து நின்றன.

அந்த லினக்ஸ் சர்வரில் டிஸ்க்குகளைத் தனித்தனியாக வைப்பதில்லை. பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே பெரிய கிடங்காக்கி, அந்தக் கிடங்கைத் தேவைக்கேற்ப அறைகளாகத் தடுத்துக்கொள்வார்கள். அந்த அறைக்குத்தான் லாஜிக்கல் வால்யூம் என்று பெயர். ஓர் அறை ஒரு டிஸ்க்கில் தொடங்கி இன்னொரு டிஸ்க்கில் முடியலாம். ஸ்தாரோ அப்படிப்பட்ட அறை. முன்பாதி இருந்தது, பின்பாதி இல்லை. பாதி அறையைத் திறக்கமாட்டேன் என்று சர்வர் சொன்னது. திறக்காவிட்டாலும் பரவாயில்லை, மற்றதை எழுப்பு என்று ஷிவ்கோ போவதற்குமுன் அதற்குச் சொல்லி வைத்திருந்தான்.

லூபென் முதலில் செய்ததெல்லாம் சரியாகத்தான் செய்தான். கம்பி தளர்ந்திருக்கும் என்று நினைத்துப் பெட்டியைத் திறந்தான். டிஸ்க்குகள் நிற்கும் வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. சுற்றிலும் தூசி, அந்தச் சதுரத்தில் மட்டும் தூசி இல்லை. ஆக, கழன்று விழவில்லை, ஆள் கழற்றியிருக்கிறான். ஷிவ்கோவைத் தவிர வேறு யார்? மேசை இழுப்பறைகளைக் கவிழ்த்துப் பார்த்தான். அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தான். திருகாணிகள் கிடைத்தன, ஒற்றைக் காலுறை கிடைத்தது, டிஸ்க் கிடைக்கவில்லை. செத்துப்போன டிஸ்க்கைப் பிடுங்கிக் குப்பையில் போட்டிருப்பான் என்று முடிவுகட்டினான். போட்டவன், கிடங்கிலிருந்து அதன் பெயரை நீக்கியிருக்க வேண்டாமா? அதையும் பாதியில் விட்டுப் போயிருக்கிறான்!

மதியச் சாப்பாட்டின்போது கேட்டும் பார்த்தான். "யாருக்காவது பழைய கோப்பு எதுவும் திறக்கலையா?"

தக்காளிப் பிரிவுக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். யாருக்கும் எதுவும் குறையவில்லை. ஸ்தாரோ என்றால் பழசு. பழசு யாருக்கு வேண்டும்?

அந்தச் சாப்பாட்டு மேசையில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அது நெவேனாவுடையது. மிளகாய்ப் பிரிவின் தலைவி. அந்தப் பருவம் முழுக்க ஸ்பெயினில் அல்மேரியா பக்கம் ஒரு பண்ணையில் கூட்டு ஆராய்ச்சிக்குப் போயிருந்தாள். அவளையும் கேட்க வேண்டும் என்று லூபெனுக்குத் தோன்றவே இல்லை.

ஷிவ்கோவைக் கேட்கலாம் என்பது மட்டும் தோன்றியது. ஒருமுறை அல்ல. சர்வர் எழும்போதெல்லாம் அந்த வரிகள் வரும், வரும்போதெல்லாம் கை கைபேசிக்குப் போகும். ஷிவ்கோவின் எண் திரையில் நிற்கும். என்னவென்று ஆரம்பிப்பது? 'எப்படி இருக்கே' என்றா? அவன் சிரித்துவிட்டால்? 'எதையும் முடிக்கிறவன் நீதானே, நீயே முடிச்சுக்கோ' என்று சொல்லிவிட்டால்? அவன் அப்படித்தான் சொல்வான் என்று லூபென் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கைபேசி சட்டைப்பைக்குத் திரும்பிவிடும்.

கோடை முடியும் தறுவாயில் தலைநகர் சோபியாவிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். வயலில் வைக்கப்போகும் புதுக் கேமராக்களைக் காட்டுவதற்காகப் போஷானோவ் அவர்களை சர்வர் அறைக்கே கூட்டி வந்தார். நேரம் பார்த்து மின்சாரம் கண் சிமிட்டியது. சர்வர் விழுந்து எழுந்தது. எல்லோர் கண்முன்னாலும் எச்சரிக்கை வரிகள் ஓடின.

"இது என்னப்பா எப்பப் பார்த்தாலும் புலம்பிக்கிட்டே இருக்கு?" என்றார் போஷானோவ், விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தபடி.

"பழைய குப்பை சார். சரி பண்ணிடறேன்."

"பண்ணு. அப்படியே கேமராவுக்கு இடமும் பாரு. இடமில்லன்னு அவன் மாதிரி நீயும் பாட்டுப் பாடாதே."

அவர்கள் போனதும் லூபென் உட்கார்ந்தான். காணாமல்போன டிஸ்க்கைக் கிடங்கிலிருந்து நீக்கும் கட்டளையை அடித்தான். சர்வர் மறுத்தது. ஸ்தாரோவின் ஒரு பகுதி அந்த டிஸ்க்கில் இருக்கிறது, அதனால் நீக்கமாட்டேன் என்றது. நிச்சயமாகத்தான் சொல்கிறாய் என்றால் கட்டளையோடு 'கட்டாயம்' என்ற சொல்லையும் சேர்த்து அடி, ஸ்தாரோவும் சேர்ந்து போய்விடும் என்றும் சொன்னது.

ஓர் இயந்திரம் அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பின்னாளில் லூபென் அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தான். அது கேட்டது. அதற்கு அவனிடம் பதில் இல்லை. இல்லாத பதிலைக் கட்டாயம் என்ற சொல்லால் நிரப்பினான்.

சர்வரை நிறுத்தி எழுப்பினான். வரிகள் ஓடின. ஓர் எச்சரிக்கைகூட இல்லை. துடைத்து வைத்ததுபோல் ஓடி முடிந்தன. அவனுக்கு அன்று இருந்த சந்தோஷத்தில், பேருந்து நிறுத்தத்து அடுமனையிலிருந்து பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானிட்சா ஒரு முழுத் தட்டு வாங்கிவந்து எல்லோருக்கும் துண்டு போட்டுக் கொடுத்தான். ஸ்தாரோ இருந்த இடம் கேமராக்களுக்குப் போனது. மறுநாளிலிருந்து வயலின் படங்கள் அந்த இடத்தில் வந்து குவிய ஆரம்பித்தன.

இலையுதிர்காலத்தில், குளிர்காலத்துக்குப் பதப்படுத்துவதற்காக ஊர் முழுக்க மிளகாய் சுடும் வாசனை எழுந்திருந்த நாட்களில், நெவேனா திரும்பி வந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள், ஆனால் முகத்தில் அப்படியொரு களை. பெட்டியைக்கூடத் திறக்காமல் நேராக சர்வர் அறைக்கு வந்தாள்.

"லூபென், பசியோட வந்திருக்கேன். என் பழைய படங்களைக் கொஞ்சம் திறந்து குடு."

"எந்தப் படம் அக்கா?"

"நோய் வந்த வருஷத்துப் படம். இலையெல்லாம் வெண்கலமாச் சுருண்டு வயலே செத்துச்சே, அந்த வருஷம். அல்மேரியாவுல அதே நோயை வச்சுத்தான் இவ்வளவு நாள் வேலை பாத்தேன். நம்ம வயல்ல அன்னைக்குச் சாகாம நின்ன செடி எதுன்னு இப்போ தெரிஞ்சாப் போதும். ஒரு புது ரகமே நம்ம கையில."

"அது எங்க வச்சிருந்தீங்க?"

"எனக்கென்ன தெரியும்? ஷிவ்கோதான் வச்சான். பழசுன்னு ஏதோ பேரு போட்டிருந்தான். ஸ்தாரோன்னு."

லூபென் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். நெவேனா மேலே பேசிக்கொண்டே போனாள். அந்தக் கோடையில் அவளுக்கு உதவியாள் யாரும் இல்லை, குறிப்பெழுத நேரமில்லை, அதனால் வாராவாரம் ஒவ்வொரு செடியையும் அதன் எண்பலகையோடு படமெடுத்து வைத்திருந்தாள். விதைகள் எல்லாச் செடியிலிருந்தும் எடுத்து எண் போட்டுக் குளிரறையில் இருந்தன. எந்த எண் கடைசிவரை நோய் தொடாமல் நின்றது என்பது மட்டும் படங்களில்தான் இருந்தது.

"உக்காருங்க அக்கா" என்றான் லூபென்.

"எதுக்கு உக்காரணும்?" என்றாள் நெவேனா. அவன் முகத்தைப் பார்த்தபின் உட்கார்ந்தாள்.

அவள் கத்தவில்லை. அவன் நடந்ததைச் சொல்லக் கேட்டு முடித்துவிட்டு, கைப்பையின் பட்டையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "ஷிவ்கோகிட்டக் கேட்டியா?" என்று மட்டும் கேட்டாள். லூபென் கைபேசியை எடுத்தான்.

அப்போதுதான், அவள் முன்னாலேயே, அந்த எண்ணை அழுத்தினான். மணி இரண்டு தடவைகூட முழுதாக அடிக்கவில்லை.

"சொல்லுடா" என்றான் ஷிவ்கோ. பின்னால் கப்பல் சங்கு கேட்டது. அவ்வளவுதான், சிரிப்பும் இல்லை, குத்தலும் இல்லை. நேற்றுத்தான் பேசியதுபோல.

"ஷிவ்கோ... ஸ்தாரோவோட டிஸ்க்கு..."

"ஆமா, குளிரறையில இருக்கு. மிளகா விதை அடுக்குல, மேல் தட்டுல ஒரு பிஸ்கட் டின். விசிறி நின்னதும் அது டக்கு டக்குன்னு அடிக்க ஆரம்பிச்சுது. சாகறதுக்குள்ள கழட்டிட்டேன். ஈரமில்லாம சில்லுனு இருக்கிற இடம் அந்த நிலையத்துலயே அது ஒண்ணுதான். புதுப் பெட்டி வந்ததும் நகலெடுக்கலாம்னு வச்சேன். ஏன், இன்னும் மாட்டலையா?"

லூபென் நெவேனாவைப் பார்த்தான்.

"டேய்... என்னடா பண்ணினே?"

"எடுத்துட்டேன். கட்டாயம்னு போட்டு எடுத்துட்டேன். இடத்தைக் கேமராவுக்குக் குடுத்துட்டேன்."

"எதையும் மேல எழுத விடாதே. சர்வரை நிறுத்து. நாளைக்கு வர்றேன்" என்றான் ஷிவ்கோ.

பிஸ்கட் டின் இருந்தது. உள்ளே, விதைக்குப் போடும் ஈர உறிஞ்சிப் பொட்டலங்களுக்கு நடுவே, டிஸ்க் ஒரு துணியில் சுற்றியபடி பத்திரமாக இருந்தது. லூபென் எத்தனையோ முறை அந்தக் குளிரறைக்குப் போயிருக்கிறான், வெப்பமானி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. தலையை நிமிர்த்தி மேல் தட்டைப் பார்த்ததில்லை.

ஷிவ்கோ புர்காஸிலிருந்து முதல் பேருந்தில் வந்தான். மெலிந்திருந்தான், தாடி விட்டிருந்தான். போஷானோவ் நடைக்கூடத்தில் எதிர்ப்பட்டு, "ஓ, நீயா?" என்றபோது, "நான் இல்ல சார், என் ஆவி" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தான். சர்வர் அறைக்குள் வந்து தன் பழைய நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

கிடங்கில் எந்த அறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற வரைபடத்தை, மாற்றம் நடக்கும்போதெல்லாம் சர்வர் தானாகவே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். இருவரும் பழைய வரைபடத்தைத் தேடி எடுத்தார்கள். இருந்த டிஸ்க்குகளை அப்படியே நகலெடுத்து, குளிரறை டிஸ்க்கை மெதுவாக அறைச் சூட்டுக்கு வரவிட்டு மாட்டினார்கள். அது டக்கென்று ஓர் அடி அடித்தது. பிறகு சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது.

"பாத்தியா, என் பொண்ணு" என்றான் ஷிவ்கோ, டிஸ்க்கைச் செல்லமாகக் காட்டி. லூபென் அவன் தோளைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டான்.

பழைய வரைபடத்தின்படி ஸ்தாரோ மறுபடி எழுந்தது. ஆனால் அதன் முன்பாதிமேல் கேமராக்களின் படங்கள் வாரக்கணக்கில் எழுதப்பட்டிருந்தன. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் தலைப்பகுதியே அந்தப் பாதியில்தான் இருந்தது. வீட்டின் கதவும் கூடமும் போய், பின்கட்டு மட்டும் நின்றதுபோல. பெயரில்லாத படங்களாகப் பின்பாதியிலிருந்து அள்ளியெடுக்க முடிந்தது, அவ்வளவுதான்.

நெவேனா ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கத்தரிக்காய்கள் வந்தன, யாருடைய பிறந்தநாளோ வந்தது, ஷிவ்கோ தர்ப்பூசணியைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்பது வந்தது. நோய் வந்த வருஷத்து மிளகாயும் வந்தது. ஆனால் பருவத்தின் கடைசி வாரங்கள் மட்டும். அதில் உயிரோடு நின்ற செடிகள் தெரிந்தன. முதலிலிருந்தே நோய் தொடாதது எது, விழுந்து எழுந்தது எது என்று தெரியவில்லை. அதைச் சொல்லும் வாரங்கள் முன்பாதியில் இருந்தன.

"அப்போ எல்லாத்தையும் மறுபடி விதைச்சு, மறுபடி நோயை ஏத்திப் பாக்கணும்" என்றாள் நெவேனா, திரையைப் பார்த்தபடி. "எத்தனை வருஷமோ."

அவள் ஓய்வு பெறும் நாள் தொலைவில் இல்லை என்பது மூவருக்கும் தெரியும்.

ஷிவ்கோவை வழியனுப்ப லூபென் பேருந்து நிலையத்துக்குப் போனான். இரண்டு பிளாஸ்டிக் கோப்பையில் காப்பி வாங்கி, ஒன்றை அவனிடம் கொடுத்தான்.

"உன்னைப் பத்தி அவர்கிட்ட நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"சொன்னது நிசம்தானேடா. நான் முடிக்கமாட்டேன். இந்த டிஸ்க்கையே பாரு. ஒரு வார்த்தை நெவேனா அக்காகிட்டச் சொல்லிட்டுப் போயிருந்தா முடிஞ்சிருக்கும். கோவத்துல சொல்லல." ஷிவ்கோ காப்பியை ஊதினான். "ஆனா நீ ஏன்டா ஒரு போன் பண்ணல? நான் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் காத்திருந்தேன். யாம்போல்ல புயல்னு வானிலையில சொன்னாப் போதும், இன்னைக்குக் கூப்பிடுவான்னு நினைப்பேன்."

"நீ சிரிப்பேன்னு நினைச்சேன்."

"சிரிச்சிருப்பேன். அப்புறம் டின்னு எங்க இருக்குன்னு சொல்லியிருப்பேன்."

பேருந்து வந்தது. ஷிவ்கோ ஏறிக்கொண்டான். அதற்குப் பிறகு பண்டிகைக்கு ஒருமுறை இருவரும் பேசிக்கொண்டார்கள், உடம்பைப் பற்றி, வானிலையைப் பற்றி. பிறகு ஷிவ்கோ ஜெர்மனிக்குப் போனான். எண் மாறியது. புது எண் லூபெனுக்கு வரவில்லை.

நெவேனா எல்லா எண்களையும் மறுபடி விதைத்தாள். லூபென் தானாகவே போய், சனிக்கிழமைகளில் அவளுக்காக வயலில் படமெடுத்தான். முதல் பருவத்தில் நோய் சரியாகப் பற்றவில்லை. அடுத்த பருவத்தில் ஆலங்கட்டி மழை செடிகளுக்குமேல் போட்டிருந்த பிளாஸ்டிக் கூடாரத்தைக் கிழித்தது. மூன்றாவதில் நல்ல அறிகுறிகள் தெரிந்தன, ஆனால் அதற்குள் வேறொரு நாட்டு நிலையம் அதே நோயைத் தாங்கும் மிளகாயைப் பதிவு செய்துவிட்டது. நெவேனா கடைசிப் பருவத்தையும் முறையாக முடித்து, எண்களைச் சரிபார்த்து, பின்னால் வருபவர்களுக்கு ஒப்படைத்தாள். அவளுடைய மிளகாய்க்கு எண்தான் இருந்தது, பெயர் கிடைக்கவில்லை.

அவள் ஓய்வு பெற்ற நாளில் லூபென் அவளுடைய பெட்டிகளைக் காருக்குச் சுமந்து சென்றான். அத்தனை வருஷமும் அவள் அவனிடம் ஒருமுறைகூடக் குரல் உயர்த்தியதில்லை. மரியாதையாகத்தான் பேசினாள். அந்த மரியாதை அவனுக்குப் பழகவே இல்லை. கடைசிப் பெட்டியைப் பின்னிருக்கையில் வைத்துவிட்டு, கதவைப் பிடித்தபடி நின்றான்.

"அக்கா, என்மேல உங்களுக்கு..."

"விடு லூபென்" என்றாள் நெவேனா. "நீ கெட்ட எண்ணத்துல செய்யல. அதனாலதான் உன்மேல கோவப்படவும் முடியல. நல்லாக் கோவப்பட்டு நாலு வார்த்தை திட்ட முடிஞ்சிருந்தா, எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்."

அவள் காரைக் கிளப்பினாள். கார் தக்காளி வயல்களைத் தாண்டிப் பெரிய சாலையில் ஏறும்வரை லூபென் வெயிலில் நின்றிருந்தான்.